கடைசி வரிசைக்குக் கேட்கிறதா

ஆலங்குடா
02.06.2024

அன்புள்ள தம்பி ஹுனைஸ்,

அஸ்ஸலாமு அலைக்கும். டோஹா வெயிலில் நீ சுகமாக இருக்க துஆ செய்கிறேன்.

நீ போன் எடுக்கும் நேரமெல்லாம் நான் ஏன் மகன் ஸப்ரானிடம் கொடுத்துவிடுகிறேன் என்று அவனிடம் கேட்டாயாம். கோபம் ஒன்றும் இல்லை. உன் மச்சான் மவுத்தான அந்தக் கிழமை நீ எடுத்தபோது நான் நல்லா இருக்கிறன் என்றுதான் சொன்னேன். நீ உடனே, "ராத்தா, இப்பதான் அழுது முடிச்சிருக்கிறீங்க, மூக்கால கதைக்கிறீங்க" என்றாய். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. சத்தம் கேட்பதையே தொழிலாகப் படித்தவனிடம் எதை மறைப்பது? அதனால் எழுதுகிறேன். கடதாசியில் உன் காது வேலை செய்யாது. நான் எழுதி முடித்ததும் மகள் ஸஃப்னா போனில் படம் பிடித்து அனுப்புவாள். நீயும் கையால் எழுதி அதே மாதிரி அனுப்பு. ஆறாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து, சிரிக்காதே.

புருஷனை இழந்தவளாக நாலு மாதமும் பத்து நாளும் இத்தாவில் இருக்கிறேன் அல்லவா, நடு அறைதான் என் உலகம். வாசலுக்குத் திரை போட்டிருக்கிறது. பிள்ளைகள் உள்ளே வருவார்கள், பெண்கள் வருவார்கள். மற்ற எல்லாம் எனக்குச் சத்தமாகத்தான் வருகிறது. காலையில் பாண் வண்டியின் பாட்டு, மீன்காரன், பிறகு சோளகக் காற்றில் தென்னோலை அடிக்கும் சத்தம். கேட்டுக் கேட்டு எனக்கும் உன்னைப்போல ஒரு காது முளைத்துவிட்டது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். தலவிலத் தேவாலயத் திருவிழா வருகிறது. அங்கே ஒலிபெருக்கிப் பொறுப்பு அன்ரனிப்பிள்ளைதான் என்பது உனக்குத் தெரியும். அவர் வந்து வீட்டு முன் மண்டபத்தில் இருந்து, இந்த வருஷமும் செட் லத்தீப் நானாவின் செட்தான், நானா இல்லாவிட்டாலும் மகன் வரட்டும் என்று சொல்லிப் போனார். ஸப்ரானின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் திரைக்குள் இருந்தே தெரிந்தது. வாப்பா போன பிறகு அவனைத் தனி ஆளாக நம்பி வந்த முதல் வேலை அது.

ஆனால் செட்டில் இருக்கிற பழைய அம்ப், குரலைப் பெரிதாக்கும் பெட்டி, சரியில்லை. போட்டால் தேனீக் கூடு போல இரைகிறது. ஒரு மணித்தியாலம் ஓடினால் சூடேறி நின்றுவிடுகிறது. ஸப்ரான் சொல்கிறான், ஒன்றில் உள்ளுக்குள் இருக்கிற சாமான்களை மாற்ற வேண்டும், அல்லது மாமா நீ அனுப்பின புது அம்பை எடுக்க வேண்டும் என்று. நான் இரண்டுக்கும் சம்மதிக்கவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். போன வருஷத் திருவிழாவில் மைக் சரிபார்க்கும்போது ஸப்ரான் மறதியாக மெமரி கார்ட்டைப் போட்டு வைத்திருக்கிறான். அதில் உன் மச்சானின் குரல் விழுந்திருக்கிறது. "ஹலோ, ஹலோ, கேக்குதா? கடைசி வரிசையில நிக்கிறவங்க கையத் தூக்குங்க பாப்பம். தூக்காட்டி எனக்குப் பகல் சாப்பாடு இல்ல." பிறகு ஒரு இருமல். பிறகு ஸப்ரானுக்கு ஒரு ஏச்சு, "டேய், வயர மிதிக்காத." அவ்வளவுதான். அஸர் தொழுதுவிட்டு அதைப் போடச் சொல்வேன். அந்த அம்பில் போட்டால் அவர் மண்டபத்தில் நின்று கதைப்பது போலவே இருக்கும். ஒருநாள் அது சூடாகி நின்றபோது, ஸப்ரான் பக்கத்து வீட்டு ஹில்மியின் அம்பை வாங்கி வந்து அதே கார்ட்டைப் போட்டுக் காட்டினான். அது அவர் இல்லை ஹுனைஸ். அவரைப்போல நடிக்கிற யாரோ.

நீ காது படித்தவன். அம்ப் மாறினால் குரல் மாறும், ராத்தா சொல்வதுதான் சரி என்று ஸப்ரானுக்கு இரண்டு வரி எழுது. அவன் என்னை நம்பமாட்டான், உன்னை நம்புவான்.

இன்னொன்று. நீ போன வருஷக் கடைசியில் அனுப்பின அம்ப் பெட்டி அலுமாரிக்கு மேலே ஒட்டின டேப்போடு அப்படியே இருக்கிறது. மனம் வருந்தாதே.

உன் ராத்தா,
நஃபீஸா

---

டோஹா
07.06.2024

அன்புள்ள ராத்தா,

வஅலைக்கும் ஸலாம். உங்கள் எழுத்து நன்றாகத்தான் இருக்கிறது. என் எழுத்துத்தான் கோழி கிளறினது போல இருக்கும், பொறுத்துக் கொள்ளுங்கள்.

கடைசியில் எழுதிய வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். பெட்டி பிரிக்கவே இல்லையா? அது வந்து சேர்ந்த கிழமை மச்சான் எனக்குப் போன் எடுத்தார். "இது பழசு, கேட்டுக்க. இப்ப போடுறது நீ அனுப்பினது, கேட்டுக்க" என்று ஒரே பாட்டை இரண்டு தரம் போட்டுக் காட்டினார். நானும் நின்று கேட்டுவிட்டு, பழசு போர்வை மூடினது போல இருக்கு, புதுசு கண்ணாடி போல இருக்கு, சொல்லுக்குச் சொல் பிரிஞ்சு கேக்குது என்று பெரிய விளக்கம் கொடுத்தேன். அவர் "ஓம் ஓம், நீ படிச்ச ஆள்" என்று பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்படியானால் இரண்டு தரமும் பழசுதானே ஓடியிருக்கிறது?

முதலில் கோபம் வந்தது. பிறகு வேலை செய்யும் மண்டபத்தில் தனியாக இருந்து சிரித்தேன், கூட வேலை செய்கிறவர்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்கு. போனை வைத்துவிட்டு அவர் எப்படிச் சிரித்திருப்பார் என்று நினைத்துப் பார்த்தேன் ராத்தா. மற்றதைக் கடதாசியில் எழுதவில்லை.

நீங்கள் கேட்டபடி ஸப்ரானுக்கு எழுத எனக்கு ஆசைதான். ஆனால் இந்தக் கதைக்குப் பிறகு எந்த முகத்தோடு எழுதுவேன்? எனக்கு இங்கே காது படிப்பித்த விதத்தைச் சொல்கிறேன். நாங்கள் சுவரைப் பார்த்து இருக்க வேண்டும். பின்னால் ஒருவர் பெட்டிகளை மாற்றி மாற்றிப் போடுவார். எது என்று பார்க்கவும் கூடாது, கேட்கவும் கூடாது. காதால் மட்டும் சொல்ல வேண்டும். கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் காது அதன் பின்னால் போய்விடும் என்பது அவர்கள் பேச்சு.

நீங்கள் ஹில்மியின் அம்பில் கேட்டபோது அது அவருடையது என்று உங்களுக்குத் தெரியும்தானே. தெரியாமல் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அதற்கு நாங்கள் சுவரைத் தேட வேண்டி இருந்தது, உங்களுக்குத் திரை இருக்கிறது. ஸப்ரான் மாற்றி மாற்றிப் போடட்டும், நீங்கள் சொல்லுங்கள். நீங்கள் சொல்வது சரியாக வந்தால் ஸப்ரானுக்கு நான் எழுதத் தேவையே இல்லை.

உங்கள் தம்பி,
ஹுனைஸ்

---

ஆலங்குடா
13.06.2024

அன்புள்ள தம்பி,

உன் மச்சான் உனக்குச் செய்த வேலையை வாசித்து எனக்கும் சிரிப்பு வந்தது. அவர் என்னிடமும் சொல்லவில்லை. பெட்டியை ஏன் பிரிக்கவில்லை என்று நான் கேட்டபோது, பழசு இன்னும் களைக்கவில்லை என்றுதான் சொன்னார்.

நீ சொன்ன பரீட்சை நடந்தது. நான் வென்றுவிட்டேன்.

எப்படி என்று கேள். ஸப்ரான் தனியாகச் செய்தால் தன் பக்கம் இழுப்பான் என்று நான் சொன்னேன். அவன் அன்ரனிப்பிள்ளையைச் சாட்சிக்குக் கூப்பிட்டான். அவர் ஒரு காசுக் குத்தியைச் சுண்டுவார். தலை விழுந்தால் நம் அம்ப், பூ விழுந்தால் ஹில்மியின் அம்ப். என்ன விழுந்தது என்று வாயால் சொல்லாமல் ஸப்ரானுக்குக் காட்டுவார். ஸப்ரான் வயரை மாற்றி உன் மச்சானின் குரலைப் போடுவான். அந்நிய ஆண் இருக்கும்போது திரைக்குள் இருந்து குரல் கொடுக்க எனக்குக் கூச்சம். ஸஃப்னா ஒரு தட்டும் கரண்டியும் தந்தாள். நம்முடையது என்றால் ஒரு தட்டு, ஹில்மியுடையது என்றால் இரண்டு தட்டு.

ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. நம் அம்பில் வந்தால் நெஞ்சில் வந்து முட்டுகிறது. மற்றதில் வந்தால் வாசலோடு நின்றுவிடுகிறது. கடைசியில் அன்ரனிப்பிள்ளை, "மகனே, இனி நீ கதைக்கேலாது. உன்ர உம்மா கோழிக்குஞ்சு பிரிக்கிற மாதிரிப் பிரிக்கிறா" என்றார். நான் தட்டை விடாமல் தட்டினேன். ஸஃப்னா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். உன் மச்சான் போன பிறகு இந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பு அன்றுதான்.

ஸப்ரான் மட்டும் வயரைச் சுருட்டி வைத்துவிட்டுக் கடற்கரைப் பக்கம் போனான். போகட்டும். விளங்கிக்கொள்வான்.

உன் ராத்தா,
நஃபீஸா

---

டோஹா
16.06.2024

அன்புள்ள ராத்தா,

நாளைக்கு உங்களுக்குப் பெருநாள். இங்கே இன்றே கொண்டாடிவிட்டோம். அறைக் கூட்டாளிகள் புரியாணி ஆக்கினார்கள்.

நீங்கள் சிரித்ததை எழுதியிருந்தீர்கள், அதற்காகவே இந்தப் பரீட்சையை ஆயிரம் தரம் செய்யலாம். ஆனாலும் கேட்காமல் இருக்க எனக்கு முடியவில்லை. படித்த புத்தி, மன்னியுங்கள்.

இரண்டு அம்பும் ஒரே அளவு சத்தத்தில் இருந்ததா? ஒன்றில் சத்தம் ஒரு சொட்டுக் கூடினாலும் காது அதைச் சத்தம் கூட என்று சொல்லாது ராத்தா, நல்லது என்றுதான் சொல்லும். நெஞ்சில் முட்டுது என்று சொல்லும். எங்களை முதலில் ஏமாற்றியது அதுதான்.

இரைச்சல் கேட்டதா? நம் அம்ப் தேனீக் கூடு போல இரையும் என்று நீங்கள்தான் எழுதினீர்கள். அவர் பேச முதலே தேனீ சொல்லிக் கொடுத்திருக்குமே. ஸப்ரான் இரண்டு அம்புக்கும் நடந்து போனானா? செருப்புப் போட்டிருந்தானா?

ஒருமுறை நான் ஒரு விலை கூடின வயரைப் பற்றிச் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னேன், இதில் வயலின் வேறு மாதிரிக் கேட்கும் என்று. சுவரைப் பார்த்து இருக்கச் சொன்னார்கள். குத்தி சுண்டினால் எப்படி வருமோ அப்படித்தான் என் பதில் வந்தது. அன்றைக்குப் பகல் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை.

சத்தம் அளக்க போனில் ஒரு ஆப் இருக்கிறது. திரைக்குப் பக்கத்தில் ஒரு கதிரையில் போனை வைத்து, இரண்டும் ஒரே இலக்கம் காட்டும்படி ஸப்ரான் திருப்பி வைத்து, இன்னொரு தரம் செய்து பாருங்களேன்.

உங்கள் தம்பி,
ஹுனைஸ்

---

ஆலங்குடா
20.06.2024

ஹுனைஸ்,

செருப்புச் சத்தம் கேட்டது. ஓம். நம் அம்ப் மேசையில், மற்றது கதவோரத்தில். அவன் எந்தப் பக்கம் போகிறான் என்று தெரிந்தது. இரைச்சலும் கேட்டது. காது இருந்தால் கேட்கத்தானே செய்யும். அதை அடைத்து வைத்துக்கொண்டா இருப்பேன்?

ஊரை விட்டு வெளியேற்றப்பட்டு எருக்கலம்பிட்டியிலிருந்து தோணியில் வரும்போது உனக்கு இரண்டு வயது. இயந்திரச் சத்தத்துக்கும் அலைக்கும் பயந்து கத்தினாய். உம்மாவின் கையில் மூட்டை இருந்தது. கற்பிட்டிக் கரை வரும்வரை உன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வந்தவள் நான். எனக்கே அப்போது பன்னிரண்டு வயது. அந்தக் காது இன்றைக்கு எனக்குப் பாடம் எடுக்கிறது.

அவருடைய ஜனாஸா அடக்கத்துக்கு நீ வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்றாய், நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போது அங்கே இருந்துகொண்டு, எனக்கு மிஞ்சி இருக்கிற ஒரு குரலையும் அளந்து பார்க்கச் சொல்கிறாய். அளக்க அது என்ன நெல்லா?

இனி பரீட்சை கிரீட்சை வேண்டாம். அம்பை யாரும் தொடக்கூடாது. ஸப்ரான் தலவிலைக்குப் போகாவிட்டால் போகட்டும்.

நஃபீஸா

---

டோஹா
01.07.2024

அன்புள்ள ராத்தா,

பல நாள் எழுதத் துணியவில்லை. பரீட்சையைப் பற்றி இனிப் பேசமாட்டேன். உங்கள் அம்ப் உங்களுடையது.

ஜனாஸா நடந்த நேரம் நான் ஒரு கலியாண மண்டபத்தில் மைக் சரிபார்த்துக்கொண்டு இருந்தேன். மேடையில் நின்று நான் சொல்வதும் மச்சான் சொல்கிற அதே வசனம்தான். இங்கே யாருக்கும் தமிழ் தெரியாது. ஆனாலும் அதைத்தான் சொல்வேன். அன்று கடைசி வரிசையில் யாரும் இருக்கவில்லை. வெறும் கதிரைகள்.

வேறொரு விஷயம். உங்களுக்கு இல்லை, ஸப்ரானுக்கு. அந்தப் பரீட்சையை அவன் போனில் பதிந்து அனுப்பியிருந்தான். அதில் இரைச்சலைக் கேட்டேன். அது அம்புக்குள் இருந்து வருகிற இரைச்சல் இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஏர்த் வயர் எங்கோ தொடுப்பு விட்டிருக்கிறது. அம்பைத் திறக்கத் தேவையில்லை, வெளியே பார்க்கச் சொல்லுங்கள். அடுத்தது, வீட்டு முன் மண்டபத்தில் கட்டியிருக்கிற ஹோர்ன் ஸ்பீக்கரில் குரல் உயரும் இடத்தில் நகத்தால் கடதாசியைச் சுரண்டினது போல ஒன்று கேட்கிறது. அதற்குள் ஏதோ உரசுகிறது. திருவிழாவுக்குப் போனாலும் போகாவிட்டாலும் அதைக் கழற்றித் துடைக்கட்டும்.

இதுமட்டும் என் காதால் முடியும் ராத்தா. பழுது எங்கே என்று சொல்லும். அதற்கு மேல் அதை நம்பாதீர்கள், நானே நம்புவதில்லை.

ஹுனைஸ்

---

ஆலங்குடா
19.07.2024

அன்புள்ள தம்பி,

அஸ்ஸலாமு அலைக்கும். போன தரம் ஸலாமும் எழுதாமல் தொடங்கிவிட்டேன். அதற்குச் சேர்த்து இப்போது இரண்டு ஸலாம் எடுத்துக்கொள்.

ஏர்த் வயர் நீ சொன்ன மாதிரிதான். கிணற்றடியில் புதைத்த கம்பியில் கறள் பிடித்து வயர் கழன்றிருந்தது. ஸப்ரான் சுரண்டிப் பூட்டினான், இரைச்சல் நின்றுவிட்டது. ஹோர்னைக் கழற்றினால் உள்ளே கடல் மணல். இங்கே யாருக்கும் கேட்காதது உனக்கு அங்கே கேட்டிருக்கிறது. உன் காதைப் பொத்திக்கொண்டு வந்தது வீண் போகவில்லை.

ஆனால் சூடு குறையவில்லை. ஒரு மணித்தியாலத்தில் நின்றுதான் விடுகிறது.

போன வெள்ளிக்கிழமை அன்ரனிப்பிள்ளை முடிவு கேட்க வந்தார். நான் உள்ளே மரக்கறி வெட்டிக்கொண்டு இருந்தேன். ஸப்ரான் என்னிடம் கேட்கவில்லை. தானாகவே அவரிடம், "அங்கிள், இந்த முறை சிலாபத்தில யாரையும் பாருங்க, எங்களுக்குச் சரிவராது" என்று சொன்னான். ஏன் என்று அவர் கேட்டார். அம்ப் பழுது என்றான். உம்மா விடமாட்டா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அன்ரனிப்பிள்ளை போக எழும்பினார். பிறகு, "செட் யாரிட்டையும் எடுக்கலாம் மகனே. கடைசி வரிசை கையத் தூக்கு எண்டு ஆர் கேக்கிறது?" என்றார்.

எனக்குக் கத்தி ஓடவில்லை. எல்லாரும் அவர் குரலுக்குத்தான் காத்திருக்கிறார்கள், நான் மட்டும் அதைத் திரைக்குள் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறேன் என்று பட்டது. ஆனாலும் பயம் போகவில்லை. மாற்றினபிறகு அது அவர் இல்லை என்று ஆகிவிட்டால்? அதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு நாளும் நிம்மதி இல்லை என்றும் பட்டது. ஸஃப்னாவிடம் தட்டைக் கொண்டுவரச் சொன்னேன். அவரை இருக்கச் சொல்லு, மாமாவின் பெட்டியை இறக்கு, மாமா சொன்ன ஆப்பையும் போடு என்று ஸப்ரானுக்குச் சொல்லி அனுப்பினேன். அவன் அலுமாரிக்கு மேலிருந்து பெட்டியை இறக்கும் சத்தமும், டேப்பைக் கிழிக்கும் சத்தமும் கேட்டது. அதற்குள் ஒரு கரப்பான் கூட இல்லையாம், அவ்வளவு பத்திரமாக உன் மச்சான் பிரிக்காமல் வைத்திருந்தார்.

இந்த முறை இரண்டு அம்பையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். ஸப்ரான் செருப்பைக் கழற்றிவிட்டு நடுவில் இருந்தான். கதிரையில் போன். இரண்டும் ஒரே இலக்கம் வரும் வரைக்கும் திருப்பித் திருப்பி வைத்தான். அன்ரனிப்பிள்ளை குத்தியைச் சுண்டினார்.

முதலாவது வந்தது. இது நம்முடையதுதான் என்று ஒரு தட்டுத் தட்டினேன். அடுத்ததும் நம்முடையது போலத்தான் இருந்தது. அதற்கும் ஒரு தட்டு. அதற்கு அடுத்தது வரும்போது கரண்டி கையிலேயே நின்றுவிட்டது. கண்ணை மூடிக் கேட்டேன். இருமல் வந்தது. இது நம் அம்பின் இருமல்தான் என்று நினைத்தேன். பிறகு வந்ததும் அதே இருமல்தான். வயர மிதிக்காத என்று அவர் ஏசினார், ஏசும்போது அந்தக் கடைசியில் ஒரு சிரிப்பு இருக்கும், அது ஒவ்வொரு தரமும் இருந்தது. எதைப் போட்டாலும் இருந்தது.

நான் தட்டுவதை விட்டுவிட்டேன். வெளியே ஸப்ரான், "உம்மா? என்ன, தட்டல்ல?" என்று கேட்டான். நான் கூச்சத்தையும் மறந்து, அன்ரனிப்பிள்ளைக்குக் கேட்கும்படியே சொன்னேன்.

"எது எண்டு தெரியல்ல மகன். ஆனா யாரெண்டு தெரியுது."

திரைக்கு வெளியே கொஞ்சம் பொறுத்து மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. ஸப்ரான் என்று நினைத்தேன். இல்லை, அன்ரனிப்பிள்ளையாம், ஸஃப்னா பார்த்துச் சொன்னாள். பார், என் காதும் அப்படித்தான்.

நீ இதை வாசித்துவிட்டு ராத்தா தோற்றுவிட்டாள் என்று கவலைப்படுவாய். வேண்டாம். தோற்றவள் அன்று இரவு நன்றாகத் தூங்கினாள். அவர் மவுத்தானதிலிருந்து அந்த அம்பின் சூட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு இருந்தேன், நோயாளியின் நெற்றியைப் பார்ப்பது போல. அது எரிந்துவிட்டால் அவரும் போய்விடுவார் என்று ஒரு எண்ணம். இப்போது அந்தக் காவல் வேலை இல்லை. எந்தப் பெட்டியில் கூப்பிட்டாலும் வருகிற மனிதனுக்கு எதற்குக் காவல்?

ஸப்ரான் தலவிலைக்குப் போகிறான். உன் அம்பைத்தான் கொண்டு போகிறான். பழசை அவன் திறந்து பார்க்கட்டும், என்ன மாற்ற வேண்டுமோ மாற்றட்டும், சின்ன வேலைகளுக்கு ஓடும்.

உன் ராத்தா,
நஃபீஸா

---

டோஹா
22.07.2024

அன்புள்ள ராத்தா,

உங்கள் கடிதத்தை வேலை இடத்தில் வாசித்திருக்கக் கூடாது. எனக்குக் காது படிப்பித்த மனிதர் பக்கத்தில் வந்து என்ன என்று கேட்டார். தெரிந்த ஆங்கிலத்தில் முழுக்கதையும் சொன்னேன், தட்டும் கரண்டியும் உட்பட. உன் அக்கா சொன்னதைத் திரும்பச் சொல்லு என்றார். சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே போனார். மறுநாள் வந்து, நாங்கள் பிள்ளைகளுக்கு எப்போதும் "எது" என்று கேட்கத்தான் படிப்பிக்கிறோம் என்று மட்டும் சொன்னார்.

ஸப்ரானிடம் சொல்லுங்கள், கடல் காற்றில் அம்புக்கு மேலே துணி போடக்கூடாது, மூச்சு விட வேண்டும். மச்சான் இல்லாமல் அவன் செய்கிற முதல் பெரிய வேலை. 

ஒரு ஆசை கேட்கிறேன், கோபிக்காதீர்கள். உங்கள் குரலைக் கேட்டு மூன்று மாதம் ஆகிறது.

ஹுனைஸ்

---

ஆலங்குடா
05.08.2024

அன்புள்ள தம்பி,

திருவிழா நேற்று முடிந்தது. ஸப்ரான் கறுத்துப்போய், தொண்டை கட்டி, நித்திரை இல்லாத கண்ணோடு வந்து படுத்திருக்கிறான். உன் அம்ப் ஒரு நிமிஷம் கூட நிற்கவில்லை. மேலே துணியும் போடவில்லை.

ஒன்றை மட்டும் உனக்குச் சொல்ல வேண்டும். ஆரம்பத்திலேயே அன்ரனிப்பிள்ளை ஆள் அனுப்பிக் கேட்டிருந்தார், தங்கச்சிக்கு, அதாவது எனக்கு, விருப்பம் என்றால் மைக் சரிபார்க்கும்போது நானாவின் குரலையே ஒருமுறை போடலாமா என்று. நான் ஓம் என்றேன். சனிக்கிழமை பின்னேரம் ஸப்ரான் போன் எடுத்து, வெட்டாமல் காதில் வைத்துக்கொண்டு இருங்க உம்மா என்றான். சோளகம் எங்கள் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் அடிப்பதால் தலவிலச் சத்தம் இங்கே வராது. போனில்தான் கேட்டேன். காற்று, சனம், பிள்ளைகள் கத்துவது, மணி, எல்லாம் கலந்து ஒரே கூவல். அதற்கு நடுவில் அவர் வந்தார். புது அம்ப், துடைத்த ஹோர்ன், கடற்காற்று, பிறகு ஸப்ரானின் போன், பிறகு ஸஃப்னாவின் போன். அத்தனையையும் கடந்து வந்தார். உன்னைச் சுவரைப் பார்த்து இருக்கச் சொன்ன மனிதர் அந்தச் சத்தத்தைக் கேட்டால் குப்பை என்று சொல்வார். சொல்லட்டும்.

கடைசி வரிசையில் நிற்பவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார். அங்கே தூரத்தில் தென்னைகளுக்குக் கீழே குடில் போட்டுத் தங்கியிருந்த சனங்கள், யார் பேசுகிறார் என்றுகூடத் தெரியாமல், கையைத் தூக்கினார்களாம். சட்டியில் மீன் கழுவிக்கொண்டு இருந்த ஒரு பெண் ஈரக் கையோடு தூக்கினாவாம், முழங்கையால் தண்ணீர் ஓட. போன வருஷமும் அதே இடத்தில் தங்கியிருந்த சிலர் மட்டும் மேடையைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்கள் என்று ஸப்ரான் சொன்னான்.

நானும் இங்கே நடு அறையில் கையைத் தூக்கினேன். ஸஃப்னா பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அவளும் தூக்கினாள். பகல் சாப்பாடு அவருக்குக் கிடைத்திருக்கும்.

இத்தா முடிய இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறது. முடிந்ததும் இந்தத் திரையைத் தோய்த்துக் காயப்போட வேண்டும்.

தம்பி, வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து போன் எடு. ஸப்ரானிடம் கொடுக்கமாட்டேன், நானே கதைப்பேன். மூக்கால் கதைக்கிறேனா, அழுதுவிட்டு வந்தேனா என்று பழுது தேடுகிற வேலையை மட்டும் அன்றைக்கு விட்டுவிடு. தேடினாலும் பரவாயில்லை, இருப்பதைக் கேட்டுக்கொள். நான் முதலில் ஹலோ என்று சொல்வேன்.

கேட்டால் கையைத் தூக்கு.

உன் ராத்தா,
நஃபீஸா